ரீமிக்ஸ் என்றால் என்ன? அயர்லாந்தின் ஒரு டிரான்ஸ் பாட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

ரீமிக்ஸ் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது, பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்து, அடியில் டிரம்ஸைக் கூட்டி, சரணத்துக்கு நடுவே ராப் நுழைத்து, வேகத்தை ஏற்றிவிட்ட வடிவம்தான். கேட்டுவிட்டு "அசலைக் கெடுத்துட்டாங்கப்பா" என்று சொல்லாத வீடு இல்லை. இந்த எண்ணத்தோடு டிரான்ஸ் இசைப் பக்கம் போகிறவர்கள் சீக்கிரமே குழம்பிவிடுகிறார்கள். அங்கே ஒரே பாட்டு நாலைந்து வடிவங்களில் கிடக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் வேறு யாரோ ஒருவரின் பெயர். எது அசல்? மற்றதெல்லாம் நகலா? நகல் என்றால் ரசிகர்கள் ஏன் அசலை விட்டுவிட்டு அதைக் கொண்டாடுகிறார்கள்?

பதில் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் பாட்டு 'பிக் ஸ்கை'. 2007-ல் வெளியானது. உருவாக்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஜான் ஓ'காலஹன், பாடியவர் ஆட்ரி கேலஹர். ஆனால் இந்தப் பாட்டின் பெயரைச் சொன்னதும் டிரான்ஸ் ரசிகர்களின் காதில் ஒலிப்பது பெரும்பாலும் ஓ'காலஹனின் அசல் இல்லை. வட அயர்லாந்தின் அக்னெல்லி அண்ட் நெல்சன் என்ற இரட்டையர் செய்த ரீமிக்ஸ். பலர் அதைத்தான் அசல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

காரைக்குடிக் கதவு

செட்டிநாட்டில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கும்போது தேக்குக் கதவு, நிலை, தூண் எல்லாவற்றையும் பக்குவமாகக் கழற்றி விற்பார்கள். காரைக்குடியில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கதவைச் சென்னையில் ஒருவர் வாங்கிப் போய், அதை வைத்துப் புது வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் புதிது, சுவர் புதிது, கூரை புதிது. கதவு மட்டும் பழையது. ஆனால் அந்தக் கதவின் அளவுக்கு ஏற்பத்தான் வாசல் அமைகிறது, வாசலுக்கு ஏற்பத்தான் முகப்பு அமைகிறது. உள்ளே நுழைகிறவர் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அந்தக் கதவைத்தான்.

டிரான்ஸ் ரீமிக்ஸ் இந்த வேலை. பாடகியின் குரல், அல்லது மனதில் நிற்கும் ஒரு மெட்டு, கழற்றி எடுத்த கதவு. அதைச் சுற்றி இன்னொரு கலைஞர் தன் வீட்டைக் கட்டுகிறார். நமக்குப் பழக்கமான சினிமா ரீமிக்ஸ் பல நேரங்களில் பழைய வீட்டுக்குப் புது வண்ணம் அடித்து, மாடியில் ஓர் அறை எடுப்பது போன்றது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில், டிரான்ஸ் என்றால் என்ன

1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்பர்ட் நகரத்து கிளப்களில் உருவெடுத்த மின்னணு நடன இசைதான் டிரான்ஸ். பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் தவறாமல் விழும். அடிகளுக்கு நடுவே பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள், வந்து உந்தித் தள்ளும். மேலே ஒரு மெட்டு மெதுவாக, பல நிமிடம் எடுத்துக்கொண்டு விரியும். கோவா கடற்கரையோடு சேர்த்துப் பேசப்படும் சைக்கடெலிக் டிரான்ஸ் இதன் ஒரு கிளை மட்டுமே. 'பிக் ஸ்கை' அந்தக் கிளையைச் சேர்ந்தது இல்லை. அது குரலையும் மெட்டையும் முன்னே நிறுத்தி, கேட்பவரை உயரத் தூக்கிப் போகும் வகை. அந்த வகைக்கு 'அப்லிஃப்டிங்' என்று பெயர்.

வேகத்தை பிபிஎம் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதே பிபிஎம். டிரான்ஸ் பெரும்பாலும் 130 முதல் 140 வரை ஓடும். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். 138 பிபிஎம்மில் ஒரு பார் ஓட ஏறக்குறைய 1.74 விநாடி ஆகும். இந்த இசை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களாகத்தான் மடிப்பு மடிப்பாக நகரும். முப்பத்திரண்டு பார் என்றால் கிட்டத்தட்ட 56 விநாடி. முதல் ஒரு நிமிடம் வெறும் தாளமாகவே ஓடுகிறதே, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று புதிதாகக் கேட்பவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். அந்த ஒரு நிமிடம் டிஜேக்கானது. முந்தைய பாட்டின் கடைசி நிமிடத்தின் மேல் இந்தப் பாட்டின் முதல் நிமிடத்தை அவர் பொருத்தி ஓட்டுவார். இரண்டிலும் மெட்டு இல்லாமல் தாளம் மட்டும் இருந்தால்தான் மோதல் வராது.

நடுவில் தாளம் அடங்கிப் போகும் பகுதி பிரேக்டவுன். குரலும் மெட்டும் முழுமையாகக் கேட்பது அங்கேதான். அதன் பிறகு ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அது பில்டப். ஏறிய இறுக்கம் உடைந்து தாளம் மறுபடி முழுதாக வந்து விழும் கணம் டிராப். டிரான்ஸ் பாட்டு ஒன்றின் உயிர் பிரேக்டவுனில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ரீமிக்ஸ் செய்கிறவர் தன் திறமை முழுவதையும் கொட்டும் இடமும் அதுவே.

சுருக்கிச் சொன்னால்: சீரான அடி, நீண்ட முன்பகுதி, நடுவில் தாளமில்லாத ஒரு திறந்த வெளி, பிறகு திரும்பி வரும் தாளம். இந்தச் சட்டகம் மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிது.

ரீமிக்ஸ் செய்பவரின் கையில் என்ன கிடைக்கிறது

முழுப் பாட்டும் ஒரே கோப்பாக இருந்தால் அதிலிருந்து கதவைக் கழற்ற முடியாது. ஆகவே பாட்டை வெளியிடும் லேபிள், அதாவது இசைப் பதிப்பு நிறுவனம், ரீமிக்ஸ் கலைஞருக்குப் பாட்டின் பாகங்களைத் தனித்தனிக் கோப்புகளாக அனுப்பும். குரல் ஒரு கோப்பு, பேஸ் ஒரு கோப்பு, மெட்டு ஒரு கோப்பு, தாளம் ஒரு கோப்பு. இவற்றுக்கு ஸ்டெம் என்று பெயர்.

அனுபவமுள்ள கலைஞர் இதில் பெரும்பாலானவற்றைத் தொடவே மாட்டார். குரலை எடுத்துக்கொள்வார். அடையாளமான மெட்டு ஒன்று இருந்தால் அதன் ஸ்வரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, ஒலியைத் தன் கருவிகளில் புதிதாக உண்டாக்குவார். தாளமும் பேஸும் அவருடைய சொந்தச் சரக்கு. ஒரு டிரான்ஸ் கலைஞரின் கையெழுத்தே அவருடைய பேஸ் டிரம்மும் பேஸும் சேர்ந்து உண்டாக்கும் அந்த உருட்டல்தான். அதை இரவல் வாங்கினால் ரீமிக்ஸில் அவர் பெயருக்கு வேலை இல்லை.

குரலைப் புது வேகத்தில் உட்கார வைப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அசல் 128 பிபிஎம்மில் இருக்கிறது, ரீமிக்ஸ் 138-ல் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடகி பதினாறு பார் பாடியிருக்கிறார். 128-ல் அது சரியாக 30 விநாடி. 138-ல் அதே பதினாறு பார் 27.8 விநாடியில் முடிந்துவிடும். குரலை இரண்டு விநாடிக்கும் மேலே சுருக்கியாக வேண்டும்.

கேசட்டை வேகமாக ஓட்டுவது போல ஓட்டினால் நேரம் சுருங்கும், ஆனால் சுருதியும் ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கும் சற்று மேலே போய்விடுவார். குரல் கீச்சென்று ஒலிக்கும், ஆளே மாறிவிட்டது போலத் தோன்றும். அதனால் கணினியில் குரலை மிகச் சிறிய துணுக்குகளாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி நெருக்கி அடுக்குகிறார்கள். மொத்த நேரம் குறையும், சுருதி நிலைக்கும். டைம் ஸ்ட்ரெச்சிங் என்பது இதுதான். நீட்டவும் இதே முறைதான். அளவுக்கு மீறினால் நீண்ட உயிரெழுத்துகளில் ஒரு நடுக்கம் கேட்கும். 'ஆ' என்று இழுக்கும் இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், பல ரீமிக்ஸ்களில் அது பிடிபடும்.

கீழே தரை மாறினால் மேலே குரலும் மாறும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். ரீமிக்ஸ் ஏன் ஒரு புதுப் படைப்பு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். பாடகி 'ஏ' என்ற ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பாடுகிறார். கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு. அவர் குரலுக்குக் கீழே ஏ மைனர் கார்டை வாசித்தால், அதன் ஸ்வரங்கள் ஏ, சி, ஈ. குரல் கார்டின் அடியிலேயே நிற்கிறது. ஊன்றி நிற்பது போன்ற, சற்றே சோகம் தோய்ந்த உணர்வு வரும். குரலைத் தொடாமல் கீழே எஃப் மேஜரை வையுங்கள்: எஃப், ஏ, சி. அதே குரல் இப்போது நடுவில் உட்காருகிறது. சட்டென்று ஒரு வெளிச்சம், இளக்கம். இனி டி மைனர்: டி, எஃப், ஏ. குரல் உச்சிக்குப் போய்விட்டது. கீழே ஒரு பள்ளம் திறந்து, அதன் மேல் குரல் மிதப்பது போல இருக்கும்.

பாடகி வாய் திறந்து எதையும் மாற்றிப் பாடவில்லை. ஒரே பதிவு, ஒரே மூச்சு. உணர்வு மட்டும் மூன்று. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே தம்புராவின் சுருதி அசையாமல் நிற்க, பாட்டு மேலே நகர்கிறது. இங்கே பாட்டு நிற்கிறது, அடித்தளம் நகர்கிறது. கார்ட் வரிசையை மாற்றியமைக்கும் ரீமிக்ஸ் கலைஞர், பாடகியின் வரிகளுக்கே வேறு பொருள் கொடுத்துவிட முடியும். வருத்தமாகக் கேட்ட ஒரு வரி நம்பிக்கையாகக் கேட்கும்.

அதற்கு மேல் வருவது மெட்டின் ஒலி. டிரான்ஸில் டிராப்புக்குப் பின் காது நிறைய ஒரு பளபளப்பான, அகன்ற ஒலி பாயுமே, அதற்கு சூப்பர்சா என்று பெயர். 1990-களின் பின்பாதியில் ரோலண்ட் நிறுவனத்தின் ஜேபி-8000 என்ற சிந்தசைசரோடு, அதாவது ஒலியை மின்னணு முறையில் உண்டாக்கும் கருவியோடு, பரவியது. ஒரே ஸ்வரத்தை ஏழு ஒலியலைகள் ஒரே நேரத்தில் வாசிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை சுருதி விலகி இருக்கும். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். ஏழு அலைகள் இப்படி ஒன்றோடொன்று உரசும்போது ஒற்றைக் கருவி ஒரு கூட்டத்தைப் போல ஒலிக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பாருங்கள். குரலின் பதிவு அப்படியே இருக்கலாம். வேகம், தாளம், பேஸ், கார்ட், மெட்டின் ஒலி, எது எப்போது வருகிறது என்ற வரிசை, எல்லாமே ரீமிக்ஸ் செய்பவரின் முடிவு.

'பிக் ஸ்கை'யைச் சுற்றி இருந்த மனிதர்கள்

டிரான்ஸ் பாட்டில் பாடகிகளைப் பெயர் தெரியாத ஒரு குரலாகக் கடந்து போவது பலருடைய வழக்கம். ஆட்ரி கேலஹர் விஷயத்தில் அது பெரிய அநியாயம். அவர் வட அயர்லாந்தின் ஷீர் என்ற ராக் இசைக்குழுவின் பாடகி. அந்தக் குழு லண்டனின் 4ஏடி லேபிளில் 1996-ல் 'இன்ஃப்ளிக்‌ஷன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. கனத்த கிட்டார்களுக்கு எதிரே நின்று பாடிப் பழகிய குரல் அது. சூப்பர்சா சுவர் போல எழும் இடத்தில் அந்தக் குரல் முங்கிப் போகாமல் நிற்பதற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

அக்னெல்லி அண்ட் நெல்சன் இரட்டையருக்கு அவர் புதியவரும் இல்லை. ஆரியாஸ் என்ற பெயரில் அவர் அவர்களுக்காக முன்பே 'ஹோல்டிங் ஆன்டு நத்திங்' பாடியிருந்தார். இரட்டையரும் அதற்குள் பெயர் எடுத்துவிட்டவர்கள். 1998-ல் 'எல் நின்யோ', 1999-ல் 'எவ்ரிடே' என்று பிரிட்டன் தரவரிசையில் இடம்பிடித்தவர்கள். 'பிக் ஸ்கை' ஸ்டெம்கள் கையில் வந்தபோது, எந்தக் குரலைச் சுற்றிக் கட்டப் போகிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

டப்ளின் அயர்லாந்துக் குடியரசின் தலைநகரம். வட அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சியில் இருப்பது. நாடு இரண்டு, நாணயம் இரண்டு. இசைக்கு மட்டும் தீவு ஒன்றுதான். வடகடலோர ஊரான போர்ட்ரஷில், கெல்லிஸ் வளாகத்துக்குள் இருந்த லஷ் கிளப் வடக்கின் நடன இசை ரசிகர்களை வளர்த்தது. டிரான்ஸ் கலைஞர் சைமன் பேட்டர்சன் வடக்கிலிருந்து வந்தார். டப்ளினிலிருந்து ஓ'காலஹனும் பிரையன் கேர்னியும் வந்தார்கள். இந்த இருவரும் பின்னாளில் கீ 4050 என்ற பெயரில் சேர்ந்து இயங்கி, 2018-ல் 'டேல்ஸ் ஃப்ரம் தி டெம்பிள்' என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் ரீமிக்ஸ் செய்வது இப்படிப்பட்ட சிறிய வட்டத்தில் பேச்சுவார்த்தை போல. நீ இப்படிச் சொன்னாய், நான் இப்படிக் கேட்டேன் என்று பதில் போகிறது.

லேபிளுக்கு வேறு கணக்கும் உண்டு. ஒரு கிளப் இரவில் முதல் மணி நேரம் மெதுவாக, மென்மையாக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு வேகமும் கடுமையும் கூடும். ஒரே வடிவம் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. ஆகவே பாட்டை வெவ்வேறு கைகளில் கொடுக்கிறார்கள். ஒருவர் முன்னிரவுக்கு ஏற்றதைச் செய்வார், இன்னொருவர் உச்ச நேரத்துக்கு. எந்த வடிவம் ரசிகரைப் பிடித்துக்கொள்ளும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கனடாவின் டெலீரியம் குழு 1997-ல் தன் ஆல்பத்தில் வைத்த 'சைலன்ஸ்' பாட்டு, பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது 2000-ல், டியெஸ்டோ உள்ளிட்டோர் செய்த ரீமிக்ஸ்களின் தோளில்தான்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிப்பது எப்படி

'ஒரிஜினல் மிக்ஸ்' என்றால் முதல் கலைஞரின் சொந்த வடிவம். 'எக்ஸ்டெண்டெட் மிக்ஸ்' டிஜேக்கான நீண்ட முன்பின் பகுதிகளோடு வருவது, ஏழெட்டு நிமிடம் ஓடும். 'ரேடியோ எடிட்' அதையே மூன்று நாலு நிமிடமாக வெட்டியது. புதிதாக எதுவும் செய்திருக்க மாட்டார்கள். 'டப்' என்றால் குரலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஓரிரண்டு துணுக்குகளை மட்டும் எதிரொலியோடு மிதக்கவிட்ட வடிவம். இந்தப் பழக்கம் ஜமைக்காவில் 1960, 70-களில் கிங் டபி போன்றவர்கள் ரெகே பாட்டுகளிலிருந்து குரலை அகற்றி விளையாடியதிலிருந்து வந்தது. இன்றைய ரீமிக்ஸ் கலைக்கே அதை ஒரு தாய்வேர் என்று சொல்லலாம். இன்னொரு வேர் அதே எழுபதுகளின் நியூயார்க் டிஸ்கோ. டாம் மோல்டன் நடன அரங்குக்காகப் பாட்டுகளை நீட்டி அமைத்த அந்தக் காலத்தில்தான் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டும் வந்தது.

ரீமிக்ஸோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று மறுபாடல். இங்கிலாந்தின் இசைக்கலைஞர் ஷிக்கேன் 1999-ல் வெளியிட்ட 'சால்ட்வாட்டர்' நல்ல உதாரணம். அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தைச் சேர்ந்த கிளனாட் குழு 1982-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஐரிஷ் மொழியில் பாடிய பாட்டின் பகுதிகள் அதில் வருகின்றன. அதே குழுவின் மோயா பிரெனன் இதற்காக மறுபடி பாடினார். பழைய கதவைக் கழற்றவில்லை, அதே தச்சரை அழைத்துப் புதிதாகச் செதுக்கச் சொன்னார்கள். ஆகவே அது ஷிக்கேனின் புதுப் பாட்டாகவே வெளிவந்தது.

திருட்டா, இல்லையா

லேபிள் கேட்டுக்கொண்டு, ஸ்டெம் அனுப்பி, ஒப்பந்தம் போட்டுச் செய்வது அதிகாரபூர்வ ரீமிக்ஸ். பொதுவாக ரீமிக்ஸ் கலைஞருக்கு ஒருமுறை ஊதியம் கிடைக்கும், பெயரும் போடப்படும். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற உரிமை முதல் கலைஞர்களிடமே இருக்கும். ரீமிக்ஸ் எவ்வளவு ஓடினாலும் அந்த உரிமைத்தொகை அவர்களுக்குத்தான் போகும். வீட்டையே புதிதாகக் கட்டியவருக்கு இது போதுமா என்ற விவாதம் ஓயவில்லை. போதாது என்பதே என் பக்கம்.

அனுமதி இல்லாமல் செய்வதற்கு பூட்லெக் என்று பெயர். குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள் இன்று எளிதாகக் கிடைப்பதால் இவை பெருகிவிட்டன. விற்றால் சட்டச் சிக்கல் வரும். சில பூட்லெக்குகள் அரங்குகளில் வரவேற்பைப் பெற்ற பிறகு, லேபிளே முன்வந்து முறைப்படி வெளியிடுவதும் உண்டு.

கேட்டுப் பாருங்கள்

'பிக் ஸ்கை'யின் அசல், அக்னெல்லி அண்ட் நெல்சன் ரீமிக்ஸ் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ரேடியோ எடிட் வேண்டாம், நீண்ட வடிவங்களையே எடுங்கள். முதல் முறை கேட்கும்போது குரல் எந்த நிமிடத்தில் நுழைகிறது என்று மட்டும் இரண்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, தாளம் நின்று குரல் தனியாக விடப்படும் இடத்துக்கு நேராகப் போங்கள். ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று முணுமுணுத்துப் பாருங்கள். கீபோர்டு தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வடிவங்களிலும் பேஸ் ஒரே இடத்தில் நிற்கிறதா, மாறுகிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஹெட்போனில் கேட்பதே நல்லது. செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் சரியாகக் கேட்காது, அப்புறம் இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும்.